கப்பல் கரை சேரும்வரை சொல்லாத முடிவு

“நிறுத்து” என்றார் கோமதி மதினி.

நான் இன்னும் வாயையே திறக்கவில்லை. தொண்டையைச் செருமி, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, நாவலின் கடைசி அத்தியாயத்தை மடியில் வைத்துத் தாள்களைத் தட்டி ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

“செல்வம் இப்ப எங்க இருக்கான்?”

“கார் நிகோபாரைத் தாண்டியிருப்பாங்க மதினி. கேம்பல் பே போற வழி.”

“மதலப், அதாவது தண்ணியில இருக்கான்.”

“ஆமா.”

“அப்ப அதை மூடி வை. தம்பி வரட்டும். என் கண்ணு முன்னால வந்து நிக்கட்டும். பிறகு படி.”

சொல்லிவிட்டு அடுத்த பாக்கை எடுத்து உரிக்க ஆரம்பித்துவிட்டார். மழை விட்டு வெயில் வந்திருந்தது. நனைந்த பாக்குமட்டையின் புளித்த வாசனை முற்றம் முழுக்க. ஒரு கோழி என் செருப்பின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தது. அதை விரட்டக்கூட எனக்கு மனமில்லை. அவ்வளவு எரிச்சல்.

கோமதி மதினி என் கணவர் செல்வத்தின் அக்கா. செல்வம் அப்போது தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தார். எனக்குப் போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்தும் உத்தியோகம். (ஊர்ப் பெயரை இப்போது மாற்றிவிட்டார்கள். எங்கள் வாய்க்கு இன்னும் ஆர்டர் வந்து சேரவில்லை.) குட்வில் எஸ்டேட்டில் வீடு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் பிடித்து சௌல்தாரிக்கு ஓடிவிடுவேன். அங்கே மதினிக்குக் கொஞ்சம் பாக்குத் தோட்டம், ஒரு கறவைப் பசு, நிறைய கோபம்.

என் நாவலை முதன்முதலில் கேட்டவர் அவர்தான். படித்தவர் என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது இந்தி. தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், அதுவும் பஞ்சாங்கக் காலண்டரோடு சரி. அதனால் ஒவ்வொரு அத்தியாயமாக நான் வாசிக்க, அவர் பாக்கு உரித்தபடி கேட்பார். கடைசி அத்தியாயம்தான் பாக்கி. சென்னையிலிருந்து பதிப்பாசிரியர் போன் மேல் போன்.

ஆனால் எனக்கு அவசரம் பதிப்பாசிரியருக்காக இல்லை. அந்தக் கதையே மதினி எனக்குச் சொன்ன கதை. முடிவை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தார். எத்தனை வருஷமாகக் கெஞ்சியிருப்பேன். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்: “நீ எப்படி முடிக்கேன்னு முதல்ல படிச்சுக் காட்டு. பிறகு நெசமான முடிவை நான் சொல்லுதேன்.”

நான் எழுதி வைத்திருந்தது என் சொந்த முடிவு. நிஜமான முடிவு அவரிடம் இருக்கிறது. அது கிடைக்காமல் புத்தகத்தை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

மரத்துக்குள் இருந்தவள்

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படித்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிக்கொள்ளலாம்.

காட்டில் ஒரு படாக் மரம். வெட்டினால் சிவப்பாகக் கசியும் மரம் அது. அதற்குள் ஒருத்தி குடியிருக்கிறாள். மரம் வெட்ட வந்த கூலிக்காரன் ஒருவன் அவளைப் பார்த்துவிடுகிறான். அவனுக்கு வேலன் என்று நான் பெயர் வைத்தேன். அவளுக்குப் பெயர் வைக்கவில்லை, நாவல் முழுக்க ‘அவள்’தான். அவனுக்கு அவள் மேல் ஆசை, அவளுக்கு அவன் மேல் அதைவிட ஆசை. உன்னை ஒருநாளும் வெட்டமாட்டேன் என்று வேரைத் தொட்டுச் சத்தியம் செய்கிறான். மழைக்காலம் முழுக்க அவன் குடிசையின் மேல் கிளையைத் தாழ்த்தி நனையாமல் காக்கிறாள்.

மழை விட்டதும் அவன் கோடாலியோடு வருகிறான். சொந்தமாக ஒரு படகு வேண்டும் என்ற ஆசை அவனைத் தின்றுவிட்டது. அவள் அந்தப் படகின் அடிமரம் ஆகிறாள். அவன் காலடியிலேயே கிடந்து அவனைக் கடல் கடலாகச் சுமக்கிறாள். அவனுக்குத் தெரியாது. ஒருநாள் நடுக்கடலில் தெரிய வருகிறது.

அதற்குப் பிறகு?

இங்கேதான் மதினி நிறுத்துவார். எப்போது சொன்னாலும் இங்கேதான்.

யாரிடம் கேட்ட கதை என்று துருவினால், “காத்துல வந்துச்சு. எழுதுறதை எழுது” என்பார்.

எனக்கு அதில் நிறைய யோசனை ஓடியது. மெயின்லேண்டில் எங்கள் கோவில்பட்டிப் பக்கம் படாக் மரத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அப்படியானால் கதை இங்கேயே பிறந்ததா? இல்லை, கப்பலேறி வந்த ஏதோ ஒரு வேப்பமரத்துக் கதை, இங்கே வந்து மரத்தை மாற்றிக்கொண்டதா? இந்தக் காடுகளின் ஆதிச் சொந்தக்காரர்களுக்கு அவர்கள் கதைகள் இருக்கின்றன. அவை எனக்குத் தெரியாது. தெரிந்தமாதிரி நடிக்கக் கூடாது என்பதில் மட்டும் நான் உறுதி. இது கப்பலில் வந்தவர்களின் கதை. கோடாலியும் படகும் எங்களோடு வந்தவைதானே.

மதினிக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் ஆகாது. காதல் அத்தியாயங்களை நான் உருகி உருகி வாசிப்பேன். நிலா, அருவி, இலை நுனியில் நீர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இவ்வளவு நேரம் பேசிக்கிட்டே இருக்காங்களே, ரெண்டு பேரும் சாப்பிட்டாங்களா இல்லையா?” என்று கேட்பார். நாவலின் நாலாம் அத்தியாயத்தில் கிழங்கு சுடுகிற காட்சி ஒன்று வருகிறது. விமர்சகர் ஒருவர் அதை மண்ணின் வாசனை என்று பாராட்டியிருந்தார். அது மதினியின் பசி.

ஜெட்டியில் முடிந்த கதை

வீட்டு ஆள் தண்ணீரில் இருக்கும்போது கதையை முடிக்கக் கூடாது. கடலில் போய்வருகிற பலரையும்போல, செல்வத்தின் குடும்பத்திலும் இது வழக்கம். தொடங்கலாம், நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம், முடிவு மட்டும் ஆள் கரையேறின பிறகு. தம்பி கப்பலில் இருந்தால் மதினி சினிமாவைக்கூடக் கடைசியில் அணைத்துவிடுவார். சீரியலுக்கு விலக்கு உண்டு. அது எப்படியும் முடியப்போவதில்லை.

இந்த வழக்கத்தை நான் முதலில் பார்த்தது கல்யாணமான புதிதில், சென்னையிலிருந்து என்னை இங்கே கூட்டி வந்த கப்பலில்.

அடித்தளத்தில் பங்க் கிளாஸ், அடுக்கடுக்காகப் படுக்கைகள். டீசல் வாசனையும் ஊறுகாய் வாசனையும் கலந்து ஒரு காற்று. நான் முதல் நாள் முழுக்க வாந்தி எடுத்தேன். இரண்டாம் நாள் எடுக்க ஒன்றும் இல்லை. எதிர்ப் படுக்கையில் தூத்துக்குடிப் பக்கத்து அம்மாள் ஒருத்தி, பாம்பைக் கட்டிக்கொண்ட ராஜகுமாரியின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். படுத்தபடியே கேட்டேன். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். தெலுங்குக்காரர்கள்கூடப் பாதி புரிந்து கேட்டார்கள். பாம்புச் சட்டையை ராஜகுமாரி நெருப்பில் போடப்போகிற இடத்தில், அந்த அம்மாள் கதையை நிறுத்திவிட்டு மூட்டை கட்டப் போய்விட்டாள். கரை தெரிய ஆரம்பித்திருந்தது.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். செல்வம்தான் சொன்னார், “பொறு. இறங்கினப்புறம் சொல்வாங்க.”

இறங்கினோம். கப்பல் அணைகிற ஜெட்டியில் உச்சி வெயில். பெட்டி படுக்கையைத் தலையில் வைத்தபடியே அந்த அம்மாளைச் சுற்றி ஒரு வட்டம் நின்றது. “சலோ, சலோ, ரஸ்தா சோடோ” என்று வழியை விடச் சொல்லிப் போலீஸ்காரர் கத்திக்கொண்டே இருந்தார். யாரும் அசையவில்லை. அம்மாள் சாவகாசமாகப் பாம்புச் சட்டையை எரித்து, ராஜகுமாரனை வரவழைத்து, கதையை முடித்துவிட்டுத்தான் ஆட்டோ தேடினாள். தலையில் எங்கள் மெத்தைச் சுருளோடு, வாய் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றார் செல்வம். அந்த மனுஷனை எனக்குப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான். நல்லவேளையாகக் கல்யாணம் அதற்கு முன்பே ஆகியிருந்தது.

கேம்பல் பேயில் காற்று

மதினி என்னை நிறுத்திய அந்த வாரம் செல்வம் திரும்பி வரவேண்டிய நாளில் வரவில்லை. காற்றழுத்தத் தாழ்வு. கேம்பல் பேயிலேயே கப்பலை நிறுத்திவிட்டார்கள். மதினி காலையிலும் சாயங்காலமும் எனக்குப் போன் செய்வார்.

“கிளம்பிட்டானா?”

“இன்னும் இல்லை மதினி.”

“நீ அதைப் படிச்சுக்கிடலையே? உனக்குள்ளகூடப் படிக்காதே.”

“நான்தானே எழுதினேன். எனக்குத் தெரியாதா என்ன?”

“எழுதறது வேற. வாய்விட்டுப் படிக்கிறது வேற.”

இப்படி ஒரு சட்டப்பிரிவு இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். சென்னைக்கு நெட்வொர்க் இல்லை என்று பொய் சொல்லி வைத்தேன். தீவில் இருப்பதில் இது ஒரு சௌகரியம். அந்தப் பொய்யை மெயின்லேண்டில் யாரும் சந்தேகப்படுவதில்லை.

செல்வத்துக்கும் லைன் கிடைத்தது ஒருநாள். பின்னால் காற்று இரைந்தது.

“உன் ஆளை முழுகடிச்சிட்டியா?”

“எழுதிட்டேன். இன்னும் படிக்கலை.”

“படிக்காத. அக்கா சொல்றபடி இரு.”

“நீங்க இதையெல்லாம் நம்புறீங்களா?”

“நான் நம்பலை. இன்ஜின் நம்புதோ என்னமோ, யாரு கண்டா.”

சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகு பயமாக இருந்தது. படித்தவள், ஆபீசில் நாலு பேருக்குப் புத்தி சொல்கிறவள், மேசையில் கிடந்த அந்தத் தாள்களை எடுத்துப் பீரோவுக்குள் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். என் கதையில் நான் மூழ்கடித்தவன் யாரோ ஒரு வேலன். ஆனாலும் கடல் ஒன்றுதானே.

காற்று தணிந்து கப்பல் வந்தது. செல்வத்தை நேரே சௌல்தாரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மதினி வாசலிலேயே அவரை நிற்க வைத்து, கன்னத்தைத் தடவி, தோளைப் பிடித்துத் திருப்பி முதுகுப் பக்கமும் பார்த்தார். சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் பார்ப்பதுபோல.

“இளைச்சிட்டான்” என்றார்.

“ரெண்டு கிலோ ஏறியிருக்கேன்க்கா. ஜெட்டியில சும்மா உக்காந்து தின்னுட்டு வாரேன்.”

மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டோம். மதியம். மதினி முற்றத்தில் பாயை விரித்து உட்கார்ந்தார். பாக்குக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“இப்பப் படி.”

ஒற்றை இலை

படித்தேன். என் முடிவு இதுதான். புயல் வந்து ஓய்ந்த ஒரு காலையில், படகுக்குள் தேங்கிய தண்ணீரை இறைக்கிறபோது, அடிமரத்தின் சிவந்த ரேகையை வேலன் பார்க்கிறான். தொடுகிறான். தொட்ட கையை அவளும் அடையாளம் காண்கிறாள். ஒரு கணம் பழைய ஆசை. அடுத்த கணம் பழைய கோடாலி. அவள் மெல்லப் பிளந்து கடலை உள்ளே விடுகிறாள். அவன் முழுகிப்போகிறான். அவள் தனியாக மிதந்து, பேர் இல்லாத ஒரு தீவின் கரையில் ஒதுங்கி, ஒரு மழைக்குப் பிறகு ஒற்றை இலை விடுகிறாள்.

அந்த ஒற்றை இலையை எழுதிவிட்டு நானே அழுதவள். வாசித்து முடித்து, பெருமை முகத்தில் தெரியாமல் இருக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். செல்வம் பாயின் ஓரத்தில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மதினியின் மடியில் ஒரு பாக்கு பாதி உரித்தபடி கிடந்தது.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் மதினி. இப்ப உங்க முறை. நெசமான முடிவைச் சொல்லுங்க.”

மதினி பாக்கை எடுத்தார், கீழே வைத்தார்.

“எனக்குத் தெரியாது.”

“விளையாடாதீங்க மதினி. இவ்வளவு நாள் காத்திருக்கேன்.”

“தெரியாதுட்டி. அவரு சொல்லவே இல்லையே.”

அவர் என்றால் சுப்பையா அண்ணன், மதினியின் கணவர். நான் பார்த்ததில்லை. நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே போய்விட்டார். டிங்கி என்கிற சின்னப் படகில் மீன் பிடிக்கப் போனவர் திரும்பவில்லை. கேட்கிறவர்கள் எல்லாரும் அந்தப் பெரிய அலையில் போனார் என்று நினைத்துக்கொள்வார்கள். இல்லை. அதற்குப் பல வருஷம் முந்தி, பேர் சொல்லக்கூட ஒன்றும் இல்லாத ஒரு சாதாரண நாள். கடல் அமைதியாக இருந்ததாம். ஆளும் கிடைக்கவில்லை, டிங்கியும் கிடைக்கவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். கதை அவருடையது என்பது மட்டும் தெரியாது.

“கல்யாணம் ஆன புதுசுல சொல்லுவாரு” என்றார் மதினி. “வலையைத் தச்சுக்கிட்டே, கொஞ்சம் கொஞ்சமா. முடிவு என்னன்னு கேட்டா, நாளைக்குக் கடலுக்குப் போகணும்லாம்பாரு. நாளைக்கும் கேப்பேன். அன்னைக்கும் மறுநாள் போகணும். ஒருநாள் சண்டையே போட்டுட்டேன். தொழிலை விட்டுட்டு வீட்ல உக்காருவேன்ல, அன்னைக்குச் சொல்றேன், சத்தியம்னாரு.”

செல்வத்தின் மெல்லிய குறட்டை மட்டும் கேட்டது.

“பிறகு நானும் கேக்காத ஆள் இல்லை. அவரு ஊரு ராமநாதபுரம்லா, அந்தப் பக்கத்துக்காரங்க யாரைப் பார்த்தாலும், இப்படி ஒரு கதை உங்க ஊர்ல உண்டா, முடிவு என்னன்னு கேட்டேன். எவனுக்கும் தெரியலை. அவரே கட்டின கதையோ என்னமோ. நீ எழுதுதேன்னு சொன்னப்ப, சரி, இவளாவது முடிப்பான்னு நெனச்சேன்.”

என்னிடம் முடிவை மறைத்து வைத்து விளையாடுகிறார் என்று அத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் முடிவைக் கேட்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். கேட்டவருக்கு நான் என்ன கொடுத்தேன்? கடலில் போனவனை முழுகடித்து வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

“மாத்திடறேன் மதினி” என்றேன். “அவன் பிழைச்சுக்கிற மாதிரி எழுதிடறேன். அவ மன்னிச்சுக் கரையில கொண்டுவந்து விடுறா. கதைதானே.”

“பாகலா நீ? பைத்தியமா?” மதினிக்கு நிஜமாகவே கோபம் வந்தது. “முழுகினவன் முழுகினவன்தான். சத்தியம் பண்ணிட்டு வெட்டினான்ல. முழுகட்டும். அதுல கை வைக்காத.”

“அப்ப அந்த இலை?”

“அதுவும் இருக்கட்டும். அவ முளைக்காம என்ன செய்வா.”

கூடையை இழுத்து அடுத்த பாக்கை எடுத்தார். உரிக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“கூப்பிட்டானா?”

“யாரு?”

“அந்த வேலன். தண்ணிக்குள்ள போறப்ப. அவளைக் கூப்பிட்டானா? நீ அதை எழுதலையே.”

எழுதவில்லை. அந்த இடத்தில் மௌனம்தான் அழகு என்று வேண்டுமென்றே விட்டிருந்தேன். அதற்கு என்னிடம் ஒரு நீளமான இலக்கிய விளக்கமே இருந்தது. மதினியின் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கிவிட்டேன்.

“இல்லை மதினி. எழுதலை.”

“எழுது.”

“என்னன்னு கூப்பிடட்டும்? அவளுக்குப் பேரே வைக்கலையே.”

“பேரு எதுக்கு? அவரு என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.” மதினி கையிலிருந்த பாக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “எங்க வீட்ல எல்லாருக்கும் நான் ஏட்டிதான். அவரு ஊர்ப்பேச்சு வேற. ஏ புள்ளம்பாரு. இந்தத் தீவுலயே என்னை அப்படிக் கூப்பிட்டது அவரு ஒருத்தர்தான்.”

அங்கேயே, அதே தாளின் ஓரத்தில் எழுதினேன். மடியில் வைத்து எழுதியதால் எழுத்து கோணல்மாணலாக வந்தது. வேலனின் வாயில் கடல் நிறைவதற்கு முன்னால் ஒரே ஒருமுறை அவளைக் கூப்பிடுகிறான்: “ஏ புள்ள.”

வாசித்தேன்.

“இன்னொரு தடவை படி.”

படித்தேன். மதினி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “பஸ், போதும்” என்றார். பிறகு தம்பியின் காலில் ஒரு தட்டுத் தட்டி, “எந்திரிடா, கதை முடிஞ்சுபோச்சு” என்று எழுப்பினார்.

சென்னையிலிருந்து மெய்ப்புப் பிரதி வந்தபோது, பதிப்பாசிரியர் அந்தச் சொல்லைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். நாவல் முழுக்கச் செவ்வியல் நடையில் பேசுகிற வேலன் கடைசியில் மட்டும் ஏன் இப்படி, பொருந்தவில்லையே, நீக்கிவிடலாமா என்று ஓரத்தில் கேள்வி. அவர் சொன்ன மற்ற எல்லாத் திருத்தங்களையும் ஒப்புக்கொண்டேன். இதை மட்டும் தொடக்கூடாது என்று எழுதினேன். காரணம் சொல்லவில்லை. இன்றுவரை அவருக்குத் தெரியாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை மதினியிடம் கொடுத்தேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். அந்தப் பக்கம் எது என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். வரியின் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, அந்தச் சொல்லை மட்டும் வாய்விட்டுப் படித்தார். புத்தகத்தை மூடிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

“மீதியைப் படிக்கலையா மதினி?” என்றேன்.

“மீதிதான் எனக்குத் தெரியுமே” என்றார்.